சென்னைத் தண்ணீர், ஆராய்ச்சி, அரசாணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியிருப்போர் சங்கங்களிலும் கல்லூரிகளிலும் சென்னைத் தண்ணீர் பற்றிப் பேசப் போய் வருபவன் நான். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் எழும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "இத்தனை பேராசிரியர்கள் இருக்கிற ஊரில் ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் காலிக்குடம். இவர்கள் ஆராய்ச்சி எல்லாம் எங்கே போகிறது?" என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் சந்தேகம். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில குட்டை. விஷயம் அப்படி.

ஆராய்ச்சி, கொள்கை ரெண்டும் தண்ணியைப் பத்தித்தானே? தனித்தனியா எதுக்குப் பேசுறீங்க?

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது, கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்று அளந்து சொல்வது ஆராய்ச்சி. அதைத் தடுக்க யாருடைய மோட்டாரை நிறுத்துவது, விவசாயியுடையதா, தொழிற்சாலையுடையதா, குடிநீர் வாரியத்துடையதா என்று முடிவெடுப்பது கொள்கை. இரண்டாவதில் யாருக்காவது நஷ்டம் நிச்சயம். அதனால் அங்கே ஓட்டு உண்டு, வழக்கு உண்டு, இழுத்தடிப்பும் உண்டு.

கொள்கை என்றதும் சட்டசபையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரி மதகை எந்த மட்டத்தில் திறப்பது, வடிகாலை எத்தனை அடி அகலம் போடுவது, டெண்டரில் என்ன எழுதுவது, வீட்டுக்கு மீட்டர் வைப்பதா வேண்டாமா, இவையும் கொள்கைதான். என் அனுபவத்தில் ஆராய்ச்சி நுழைந்த இடங்களில் பெரும்பாலானவை இந்த மாதிரிச் சின்ன முடிவுகள்தான்.

சென்னைத் தண்ணிக்கு யார் சார் பொறுப்பு? ஒரே ஒரு ஆபீஸ் பேரு சொல்லுங்க.

ஒன்று சொல்லிவிட முடிந்தால் இந்தப் பக்கம் பாதியாகச் சுருங்கிவிடும். பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் மதகு நீர்வளத் துறை கையில். பொதுப்பணித் துறையோடு இருந்த அந்தத் துறை 2021ல்தான் தனியானது. குழாய்த் தண்ணீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்திடம். தெருவில் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். எங்கே கட்டடம் வரலாம் என்பது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். ஏரி நிலத்தின் பட்டா, புறம்போக்குக் கணக்கு வருவாய்த் துறையிடம். மழை அளவு நுங்கம்பாக்கம் வானிலை மையத்திடம். நிலத்தடி நீர்க் கணக்கு தரமணியில் இருக்கும் மாநில நீர் ஆதார விவர மையத்திடமும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்திடமும்.

வேளச்சேரியில் ஒரு தெரு ஏன் மூழ்குகிறது என்று படிக்க நினைக்கும் மாணவி இதில் நாலைந்து இடங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும். ஓரிடத்தில் எக்செல் கோப்பு கிடைக்கும். இன்னோரிடத்தில் கையெழுத்துப் பதிவேட்டின் ஜெராக்ஸ். மற்றோரிடத்தில் "மேலிடத்தைக் கேளுங்கள்." ஆய்வேட்டுக்கான காலத்தில் பாதி இதிலேயே கரைந்துவிடும். ஆராய்ச்சியும் கொள்கையும் சேராமல் போவதற்கு அறிவுக் குறைவை விட இந்த அலைச்சல்தான் பெரிய காரணம் என்பது என் கருத்து.

டி.எம்.சி., எம்.எல்.டி., கன அடின்னு நியூஸ்ல சொல்றாங்க. எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, அதாவது சுமார் 2,830 கோடி லிட்டர். எம்.எல்.டி. என்றால் ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 1,000 எம்.எல்.டி. விடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒரு டி.எம்.சி. சுமார் 28 நாளைக்கு வரும். மாதத்துக்கு ஒரு டி.எம்.சி. என்று மனதில் வைத்துக்கொண்டால் செய்தியில் பாதி புரிந்துவிடும்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை ஐந்தும் ததும்ப நிறைந்தாலும் மொத்தம் பதினொன்றே முக்கால் டி.எம்.சி.தான். வெயிலில் ஆவியாவதைக் கழித்தால் ஒரு வருஷம் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழை ஒருமுறை பொய்த்தால் அடுத்த கோடையில் குடம் வரிசையில் நிற்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். வீராணமும் கிருஷ்ணா நீரும் கடல்நீர் ஆலைகளும் இந்த இடைவெளியை அடைக்க வந்தவை.

ஆராய்ச்சியாளர் சொல்லி அரசு கேட்ட கதை ஒண்ணாவது இருக்கா?

இருக்கிறது. முதல் கேள்வியில் சொன்ன மீஞ்சூரையே எடுத்துக்கொள்வோம். 1960களின் பிற்பாதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். அதன் பேரில் தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூரில் கிணற்றுத் தொகுதிகள் வந்தன. அப்புறம் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்கும் போட்டி போட்டு இறைத்தார்கள். நன்னீர் இறங்க இறங்கக் கடல்நீர் உள்ளே ஏறியது. கிணறு கிணறாக உப்பளவு எடுத்து இதைக் காட்டியவர்கள் நிலத்தடி நீர் ஆய்வாளர்கள். 1987ல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கிணறு தோண்டவும், தண்ணீரை லாரியில் ஏற்றிப் போகவும் அனுமதி வேண்டும் என்றது அந்தச் சட்டம். இறைக்கச் சொன்னதும் ஆராய்ச்சி, நிறுத்தச் சொன்னதும் ஆராய்ச்சி. நடுவில் போனது ஏறக்குறைய இருபது வருஷம். 2010ல் கடல்நீரைக் குடிநீராக்கும் சென்னையின் முதல் பெரிய ஆலையும் அதே மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில்தான் வந்தது.

அதிகம் பேசப்படாத இன்னொன்று: திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரை மணல் மழையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நல்ல நீர்ப்படுகை என்று நிலவியல் ஆய்வுகள் காட்டின. சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) அந்தப் பட்டையை நிலத்தடி நீரூட்டப் பகுதி என்று குறித்து, அங்கே கட்டடப் பரப்பைக் கட்டுப்படுத்தியது. விதி எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை போய் வந்தால் தெரியும். ஆனாலும் காகிதத்தில் இருப்பதால்தான் அதைக் காட்டி வழக்குப் போட முடிகிறது.

மழைநீர் சேகரிப்புத் திட்டம் யார் யோசனை? அரசியல்வாதி யோசனையா, விஞ்ஞானி யோசனையா?

இரண்டு பேரும் சேர்ந்ததால்தான் நடந்தது. இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற சேகர் ராகவன் 1990களிலேயே பெசன்ட் நகர்ப் பக்கம் வீடு வீடாகப் போய் மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றில் விடச் சொல்லிக்கொண்டிருந்தார். 2002ல் அவருடைய முயற்சியில் மழை மையம் திறக்கப்பட்டது. 2003ல், கடும் வறட்சிக்கு நடுவே, எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா. யோசனை வருஷக்கணக்காகத் தயாராக இருந்தது. வறட்சி வந்தபோது அதை எடுத்துப் போட ஓர் ஆட்சி இருந்தது. தயாராக இல்லாத யோசனைக்கு வறட்சி வந்தாலும் பயன் இல்லை.

அந்தச் சட்டத்துக்கு அப்புறம் நிலத்தடி நீர் ஏறினது சேகரிப்பாலதான்னு எப்படிச் சொல்றாங்க? 2005ல மழை கொட்டித் தீர்த்ததே, அதனால ஏறியிருக்கலாமே?

நல்ல கேள்வி. ஆராய்ச்சி இல்லாமல் இதற்குப் பதில் சொல்லவே முடியாது. சட்டம் வந்த இரண்டாம் வருஷமே பேய்மழை. இரண்டையும் சேர்த்து "திட்டம் வெற்றி" என்று அறிவிப்பது மேடைக்குச் சரி. பிரித்துப் பார்க்க வேண்டுமானால், சட்டத்துக்கு முன்பும் பின்பும் ஏறக்குறைய ஒரே அளவு மழை பெய்த வருஷங்களை எடுத்துக் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று ஒப்பிட வேண்டும். மணல் பகுதி, களிமண் பகுதி, பாறைப் பகுதி என்று தனித்தனியாகவும் பார்க்க வேண்டும். மாதாமாதம் கிணற்றுமட்டம் எடுத்துக்கொண்டே இருந்தால்தான் இந்தக் கணக்கே சாத்தியம்.

இன்னொரு சிக்கல், கட்டடத்தில் சேகரிப்பு "இருக்கிறது" என்பதும் அது "வேலை செய்கிறது" என்பதும் வேறு வேறு. உங்கள் அடுக்ககத்தின் குழி மூடியைத் தூக்கிப் பாருங்கள். பல இடங்களில் ஜல்லிக்கு மேல் ஒரு சாண் வண்டல், அதன் மேல் வேப்பிலைச் சருகு, ஷாம்பு பாக்கெட். மாடியிலிருந்து வரும் குழாய் குழிக்குப் பக்கத்தில் தரையில் கொட்டிக்கொண்டிருக்கும். பிளம்பர் வந்தபோது எதற்கோ கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டது. திட்ட அனுமதிக் கோப்பில் இந்த வீடும் "சேகரிப்பு உண்டு" என்றுதான் இருக்கும். கோப்பை மட்டும் எண்ணிச் செய்யும் ஆய்வு ஒன்று சொல்லும். மூடியைத் தூக்கிப் பார்த்துச் செய்யும் ஆய்வு வேறொன்று சொல்லும்.

எங்க ஏரியா முழுக்கப் பாறை. எங்களுக்கும் அதே குழிதானா?

இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் கடற்கரைப் பக்கம் மணல். அங்கே ஆழம் குறைந்த குழியே போதும். கிண்டி, பல்லாவரம் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே சார்னோக்கைட் பாறை. அங்கே தண்ணீர் பாறை இடுக்கில்தான் நிற்கும். களிமண் படிந்த இடத்தில் அந்தக் களிமண் அடுக்கைத் துளைத்துக்கொண்டு கீழே மணல் அடுக்கு வரை ஒரு துளை போட்டால்தான் தண்ணீர் இறங்கும், மேலோட்டமாகக் குழி வெட்டினால் கொசுதான் வளரும். பழைய கிணறு இருந்தால் அதை மூடாதீர்கள். எந்த மண்ணிலும் அதைவிட நல்ல சேகரிப்புக் குழி கிடைக்காது.

விதி ஊருக்கெல்லாம் ஒன்றாக இருப்பது ஏன் என்று கேட்பீர்கள். ஒரே விதியை அமல்படுத்துவது சுலபம். மண்ணுக்கு ஒரு விதி என்றால் ஒவ்வொரு வார்டு பொறியாளர் கையிலும் மண் வரைபடம் வேண்டும்.

2015ல செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டாங்க, ஊரே மூழ்குச்சு. மழை வரும்னு விஞ்ஞானிகள் முன்னாடியே சொல்லலையா?

கனமழை எச்சரிக்கை இருந்தது. ஆனால் "கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மிகக் கனமழை" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஏரிப் பொறியாளர் என்ன செய்வார்? அவருக்கு வேண்டியது, இன்னும் ஆறு மணி நேரத்தில் என் ஏரிக்குள் நொடிக்கு எத்தனை கன அடி வரும் என்ற எண். வாக்கியத்துக்கும் எண்ணுக்கும் நடுவே, மழையை நீர்வரத்தாக மாற்றும் கணக்கு ஒன்று வேண்டும். அது நேரத்துக்கு ஓடவும் வேண்டும். டிசம்பர் 1ஆம் தேதி அந்த இடம்தான் காலியாக இருந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. நவம்பர் முழுக்கக் கொட்டி ஏரிகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. திறப்பு நொடிக்கு 29,000 கன அடி வரை போனது. இது போதாதென்று ஆதனூர், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் உடைத்தும் வழிந்தும் அடையாற்றில் சேர்ந்த நீர் தனி. அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை இதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றே எழுதியது.

பொறியாளர் பக்கமும் நின்று பாருங்கள். செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. நவம்பரிலேயே பாதி காலி செய்து வைத்து, அப்புறம் மழை ஏமாற்றிவிட்டால்? 2016ல் பருவமழை பொய்த்து 2017 கோடையில் ஏரிகள் வறண்டதை நினைத்துப் பாருங்கள். திறந்தாலும் திட்டு, திறக்காவிட்டாலும் திட்டு. ஆராய்ச்சி உதவக்கூடியது இங்கேதான்: எந்தத் தேதியில் எந்த மட்டம் வரை வைத்துக்கொள்ளலாம், முன்னறிவிப்பு இவ்வளவு என்றால் எத்தனை அடி இறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி, மேலிடம் கையெழுத்துப் போட்ட விதி இருந்தால், நள்ளிரவில் தனியாள் ஒருவர் பழி சுமக்க வேண்டியதில்லை.

அதுக்கப்புறம் ஏதாவது மாறுச்சா?

மாறியது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், சென்னை, மும்பை ஐ.ஐ.டி.களோடும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து சி-ஃபுளோஸ் என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பை 2019ல் கொண்டுவந்தது. மழை முன்னறிவிப்பு, ஆற்று ஓட்டம், கடல் ஏற்றம் மூன்றையும் சேர்த்து எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணக்கிட முயல்வது அது. மேலே சொன்ன காலி இடத்தை நிரப்பும் முயற்சி. அலைமட்டத்தைச் சேர்த்தது முக்கியம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் அடையாறும் கூவமும் எவ்வளவு தள்ளினாலும் முகத்துவாரத்தில் தண்ணீர் வடியாது.

2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் வல்லுநர் குழுவும் அமைந்தது. அது 2023ல் அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து மறுபடி பரீட்சை வைத்தது.

2015 மழைக்குக் காலநிலை மாற்றம்தானே காரணம்? அப்புறம் ஏன் அதிகாரிகளைத் திட்டணும்?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம். அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று 2016ல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: புவி வெப்பமாதலால் அந்த மழைக்கான வாய்ப்பு கூடியதாகக் காட்ட முடியவில்லை என்றார்கள். அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் வங்கக்கடலின் மேற்பரப்பு வெப்பம் பெரிதாக ஏறவில்லை, காற்றில் மிதக்கும் மாசுத் துகள்கள் வெயிலை மறைத்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று விளக்கினார்கள். இனிமேலும் அப்படியே இருக்கும் என்று அதற்குப் பொருள் இல்லை. காற்று சுத்தமானால் மறைந்திருக்கும் வெப்பம் வெளிப்படக்கூடும்.

கொள்கைக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வானத்தைக் கை காட்டிவிட்டால் அடையாற்றின் கரையில் கட்ட அனுமதி கொடுத்தது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வசதியை இந்த ஆய்வு பறித்துவிட்டது.

2020ல சென்னைல நிலத்தடி நீர் தீர்ந்துடும்னு நிதி ஆயோக்கே சொன்னாங்க. தீரலையே. அப்ப ஆராய்ச்சியே டுபாக்கூரா?

டெல்லி, பெங்களூரு, சென்னை, ஐதராபாத் உட்பட 21 நகரங்களில் 2020க்குள் தீர்ந்துவிடும் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2018ல் வெளியிட்ட அறிக்கை சொன்னது உண்மை. உலகம் முழுக்கப் பத்திரிகைகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடின. வேரைத் தேடிப் போன செய்தியாளர்களுக்கு அந்த எண்ணைத் தாங்கும் ஆய்வு எதுவும் கிடைக்கவில்லை. வருஷத்துக்கு ஊறுவதை விட அதிகமாக எடுக்கும் இடங்கள் என்ற பட்டியலுக்கும், இன்ன தேதியில் தீரும் என்பதற்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. ஊறுவதை விட அதிகமாக எடுத்தால் மட்டம் இறங்கும், போர்வெல்லை ஆழப்படுத்த வேண்டி வரும், உப்பு ஏறும். ஒரு நாள் காலையில் பொட்டென்று தீராது.

ஆகவே பொய்த்தது ஆராய்ச்சி இல்லை. பயமுறுத்தினால் வேலை நடக்கும் என்ற நினைப்புதான் பொய்த்தது. இதன் கெடுதல், அடுத்த முறை உண்மையான எண்ணோடு ஒருவர் வரும்போது "இப்படித்தான் 2020லயும் சொன்னீங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு ஆராய்ச்சி இருந்தும் 2019ல ரயில்ல தண்ணி கொண்டு வர வேண்டிய நிலைமை ஏன் வந்தது?

முதலில் அந்த ரயிலின் கணக்கு. ஜோலார்பேட்டையிலிருந்து ஜூலை 12ஆம் தேதி வந்த முதல் ரயிலில் 25 லட்சம் லிட்டர். அப்போது வாரியம் வெட்டிச் சுருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்ததே 525 எம்.எல்.டி. அதாவது ஒரு நடை ரயில், ஊரின் அன்றைய தண்ணீரில் அரை சதவீதம்கூட இல்லை. படம் எடுக்க நன்றாக இருந்தது.

2003, 2004 வறட்சியை வைத்து வீணா சீனிவாசன் என்ற நீரியல் ஆய்வாளர் சென்னையின் தண்ணீருக்கு ஒரு கணினி மாதிரி உருவாக்கினார். குழாய் நின்றதும் மக்கள் வீட்டுக் கிணற்றுக்கும் போருக்கும் போகிறார்கள். அதுவும் வற்றியதும் லாரி. ஆகவே ஊரின் உண்மையான சேமிப்பு ஏரியில் மட்டும் இல்லை, வீட்டுக்கு அடியிலும் இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. கசிவை அடைத்து, கட்டணத்தைச் சீர்செய்து, மழைநீரை நிலத்தில் இறக்குவது, கடல்நீர் ஆலையை மட்டும் நம்புவதை விடச் செலவு குறைந்த வழி என்பது 2010ல் வெளியான அவருடைய முடிவு. ஆனால் ஆலைக்கு ஒரு ஒப்பந்ததாரர் உண்டு, கடன் கொடுக்க வங்கி உண்டு, திறப்பு விழாத் தேதி உண்டு. லட்சக்கணக்கான வீட்டுக் குழிகளுக்கு யார் சொந்தக்காரர்? ஆய்வு சரியாக இருந்தும் ஏற்காமல் போனதற்கு நான் பார்க்கும் காரணம் அது.

சார், கடல் பக்கத்துலயே இருக்கு. ஆலை போட்டுக்கிட்டே போனா தீர்ந்துதே?

மீஞ்சூர் 100, நெம்மேலி 100, 2024ல் நெம்மேலியில் இன்னொரு 150 எம்.எல்.டி. பேரூரில் 400 எம்.எல்.டி. ஆலைக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள். மழை பொய்த்தாலும் வரும் தண்ணீர் என்பதால் ஆலைகள் வேண்டியவைதான். ஆனால் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். செறிந்த உப்புநீர் திரும்பக் கடலுக்குப் போகும். அதைப் பற்றி மீனவர்கள் கேட்கும் கேள்விகளுக்குத் தொடர்ந்து அளந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஊற்று, நாம் குளித்துவிட்டு விடும் தண்ணீர். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 45 எம்.எல்.டி. கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அந்த அளவு நன்னீர் நமக்கு மிச்சம்.

லாரித் தண்ணி பத்தி யாருமே கணக்கு எடுக்கலையா?

எடுத்திருக்கிறார்கள். அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியர் ஜனகராஜன் போன்றவர்கள், நகரத்தின் ஓரத்துக் கிராமங்களில் வயல் கிணறு எப்படி லாரிக் கிணறாக மாறியது என்று வருஷக்கணக்காக எழுதினார்கள். நெல் போடுவதை விடத் தண்ணீரை விற்பது லாபம் என்றாகும்போது பக்கத்து வயல்காரரின் கிணறு வற்றுகிறது. கிராமத்துக்குள்ளேயே சண்டை.

லாரிக்கு அனுமதி வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது, மேலே பார்த்தோம். ஆனால் லாரி நின்றால் அடுக்ககங்கள் ஒரு வாரம் தாங்காது என்பது கோட்டையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும், லாரி உரிமையாளருக்கும் தெரியும்.

அறிக்கை கொடுத்து அலமாரில வெச்சுடறாங்க. அப்புறம் எதுக்குக் குழு?

பாதி அறிக்கைகள் அலமாரிக்கென்றே எழுதப்படுபவை. "நீர்நிலைகள் பாதுகாக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் யார் பாதுகாப்பது? எந்தத் துறை, எந்த நிதியாண்டு, எந்தக் கால்வாயில் எத்தனை மீட்டர் என்று எழுதினால்தான் கோப்பு நகரும். எழுத்தர் குறிப்பு எழுத முடிகிற மாதிரி அறிக்கை இருக்க வேண்டும் என்று ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சொல்வார். சரியான பேச்சு.

மற்ற பாதி, வெளியே விடாததால் செத்துப்போகிறவை. அறிக்கை பொதுவெளியில் இருந்தால் கவுன்சிலரும் பத்திரிகையும் "பதினேழாம் பக்கத்தில் சொன்னது என்ன ஆச்சு?" என்று கேட்க முடியும்.

அரசு காசுலயே ஆராய்ச்சி பண்ணினா, அரசுக்குப் பிடிச்சதைத்தானே எழுதுவாங்க?

அப்படியும் நடக்கும். ஆலோசனைக் கட்டணம் வாங்கி, ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட திட்டத்துக்கு "தொழில்நுட்ப ஒப்புதல்" எழுதிக் கொடுப்பது உண்டு. ஆனால் முழுக்க வெளியே நின்று ஆங்கில ஆய்விதழில் மட்டும் எழுதினால் அதிகாரி கண்ணில் படவே படாது. காசு கட்டிப் படிக்க வேண்டிய இதழுக்கு எந்த உதவிப் பொறியாளர் சந்தா கட்டுவார்?

நான் பார்ப்பது மூன்று விஷயம். கேள்வியை யார் வடிவமைத்தார்கள்? "இந்த வடிகாலை எப்படிக் கட்டுவது" என்பது ஒரு கேள்வி, "இங்கே வடிகால் வேண்டுமா" என்பது இன்னொரு கேள்வி. அளவீடுகளை மற்றவர்களும் எடுத்துப் பார்க்க முடிகிறதா? பாதகமான முடிவு வந்தாலும் வெளியிட உரிமை ஒப்பந்தத்தில் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் காசு யாருடையது என்பது பெரிதில்லை.

ஏரிக்கரையில இருக்கிற பெரியவங்களுக்குத் தெரியாததா? அது ஆராய்ச்சி இல்லையா?

மதகைத் திறந்து முறை வைத்துத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டிக்கு, உபரிநீர் வெளியேறும் எந்தக் கலங்கல் வழிந்தால் எந்த ஏரிக்குப் போகும் என்று வரைபடம் இல்லாமலே தெரியும். தென்சென்னை ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததற்குப் போய்க் கடைசியில் பள்ளிக்கரணைக்கு வரும் வரிசையை அவரைக் கேட்டுச் சரிபார்க்காத கணினி மாதிரிகள், வீடு கட்டி அடைத்துவிட்ட கால்வாயிலும் தண்ணீர் ஓடுவதாகக் காட்டும். அவருக்குத் தெரியாததும் உண்டு: மேல்வரத்தில் புதிதாக வந்த தார்ச்சாலையும் கான்கிரீட்டும் தண்ணீரை எத்தனை வேகமாகக் கீழே தள்ளும் என்பது. அது அவர் பார்த்திராத ஊர்.

ரெண்டு விஞ்ஞானி ரெண்டு விதமா சொன்னா யாரை நம்புறது?

முடிவைக் கேட்காதீர்கள், எதை வைத்துக்கொண்டு தொடங்கினார்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை மி.மீ. மழை என்று எடுத்தார்கள்? கடல் ஏற்றமா, இறக்கமா? மண் எவ்வளவு உறிஞ்சும்? இதைக் கேட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். ஒருவர் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழைக்குக் கணக்குப் போட்டிருப்பார், இன்னொருவர் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் மழைக்கு. எந்த மழைக்குக் கட்டுவது என்பது விஞ்ஞானி முடிவு செய்ய வேண்டியதே இல்லை. அது காசுக் கணக்கு, ஊர் கூடி முடிவு செய்ய வேண்டியது.

நான் சாதாரண ஆளு. எங்க தெரு தண்ணியை அளந்து யார்கிட்ட கொடுக்கிறது?

அளந்து வைத்திருப்பதே பெரிய விஷயம். கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்போர் அப்படித்தான் செய்தார்கள். கோவளம் படுகை மழைநீர் வடிகால் திட்டம் தங்கள் மணல் தெருக்களுக்கு வந்தபோது, இங்கே தண்ணீர் தேங்குவதே இல்லை, மணல் உறிஞ்சிவிடுகிறது, வடிகால் போட்டால் கிணற்றுக்குப் போக வேண்டியது கடலுக்குப் போகும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மேலே சொன்ன "இங்கே வடிகால் வேண்டுமா" என்ற கேள்வியைக் கேட்டவர்கள் அவர்கள்தான்.

நீங்கள் செய்யக்கூடியது: மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், மோட்டார் ஓடாத காலை நேரத்தில், கிணற்றில் கயிறு விட்டு மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். எப்போதும் கிணற்றின் அதே விளிம்பிலிருந்து. மழை நாளில் சுவரில் நீர் நின்ற உயரத்தைக் கரிக்கோட்டால் குறித்துத் தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். வார்டில் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது இதைக் கொடுத்துத் தீர்மானத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது அதற்கும் அனுப்புங்கள். அரசிடம் உள்ள அளவு வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். "வெள்ளத் தடுப்பு விவரம் தருக" என்றால் எதுவும் வராது. இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன ஏரியின் மணிவாரித் திறப்பளவு என்று கேளுங்கள்.

ஆராய்ச்சி முடியற வரைக்கும் காத்திருந்தா சதுப்பு நிலம் மிச்சம் இருக்குமா?

இருக்காது. பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஐயாயிரம் எக்டேருக்கு மேல் பரந்திருந்தது. குப்பைமேடு, சாலை, அடுக்ககம், ஐ.டி. வளாகம் என்று போனது போக மிஞ்சியதைச் சேர்த்து 2022ல் 1,247 எக்டேர் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறியது. சதுப்பு நிலத்துக்கு எல்லை மட்டும் போதாது, அதற்குத் தண்ணீர் வரும் சுற்றுப்பகுதியும் தாக்க மண்டலமாக வரையறுக்கப்பட வேண்டும். அந்த ஆய்வு முடியாமலே கட்டட அனுமதிகள் போய்க்கொண்டிருந்தன.

2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆய்வு முடிந்து எல்லை உறுதியாகும் வரை ராம்சார் பரப்பைச் சுற்றி 1 கி.மீ.க்குள் புதிய அனுமதி கூடாது என்றது. ஆய்வு வரும் வரை காத்திருக்கலாம், ஆனால் கட்டிக்கொண்டே காத்திருக்கக் கூடாது என்ற ஏற்பாடு. கட்டுநர்களுக்குக் கோபம், வங்கிக் கடன் வாங்கியவர்களுக்குத் தவிப்பு, அதுவும் நியாயமானதுதான். 1 கி.மீ. என்பது பிடித்து வைத்த எண். சில பக்கம் தண்ணீர் அதைவிடத் தூரத்திலிருந்து வரும், சில பக்கம் அரை கிலோமீட்டரிலேயே நிலம் வேறு பக்கம் சரிந்துவிடும். உண்மைக் கோட்டை வரைய வேண்டியவர்கள் நில அளவையாளர்களும் நீரியலாளர்களும். அந்தக் கோடு எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு நல்லது, சதுப்பு நிலத்துக்கும் முன்பணம் கட்டியவருக்கும்.